ஒரு கட்டம் கீழே

நான்கு வருடம் என் வலது ஆள்காட்டி விரலை வைத்துத்தான் பிழைத்தேன். சொன்னால் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு டச் ஸ்கிரீன் பொருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். கம்பெனி என்றால், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கீழே இரும்பைக் கடையும் சத்தம் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது. போனில் பேசுகிறவர்கள் எல்லாம் "அங்க என்ன மழையா?" என்று கேட்பார்கள்.

நாங்கள் எதையும் தயாரிக்கவில்லை. முதலாளி சிங்கப்பூரிலிருந்து கண்ணாடித் தகடுகளை வரவழைப்பார். அதை மானிட்டரின் முகத்துக்கு முன்னால் சட்டம் போட்டுப் பொருத்துவோம். அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போகும். பிறகு இரண்டு ஃபிளாப்பிகளில் இருக்கும் டிரைவரை ஏற்ற வேண்டும். கண்ணாடி சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற மென்பொருள் அது. ஏற்றி முடித்ததும் திரையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாகக் கூட்டல் குறி வரும். வரவர அதை விரலால் தொட வேண்டும். அதற்குப்பின் யார் எங்கே தொட்டாலும், அந்த நான்கு தொடுதலை வைத்துத்தான் டிரைவர் இடத்தைக் கண்டுபிடிக்கும். இதற்குப் பெயர் கேலிபரேஷன்.

முதலாளிக்கு இதில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கஸ்டமர் கைய அதுல பட வுடாத. அவன் எங்கனா குத்திட்டு, கோணலா போவுது கோணலா போவுதுன்னு நம்ம உயிர எடுப்பான். நாலும் நீயே தொட்டுட்டு வா."

நானும் அப்படியே செய்தேன். தியாகராய நகர் நகைக்கடைகளிலும் துணிக்கடைகளிலும், அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் என் விரல் தொட்ட நான்கு மூலைகளை வைத்துத்தான் ஊரே வளையலும் புடவையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் தேவையாகவும் இருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் வரலியா?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லி என் குரலே கடுகடுவென்று ஆகிவிட்டது.

குரல் அப்படி ஆனதற்கு வேறு காரணமும் இருந்தது. அதிகம் பேச வாய்ப்பில்லை. மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் இருந்தேன். அறையில் மூன்று கட்டில். மற்ற இரண்டிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணம் ஆகிப் போவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பெயர் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுவார்கள். நான் வெளியூர்க்காரியும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில்தான் பிறந்தேன், அங்கேதான் அண்ணன் குடும்பத்தோடு இருந்தான். அம்மா இறந்தபிறகு ஒண்டுக்குடித்தனத்தில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. நானாகத்தான் கிளம்பினேன். யாரும் இரு என்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஸ்கூட்டரில் வருவான். ஹாஸ்டலின் விசிட்டர் அறையில் இரண்டு ஒயர் நாற்காலிகள் உண்டு. அவன் உட்கார மாட்டான். ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நிற்பான். "சாப்ட்டியா?" என்பான். "ம்" என்பேன். "உடம்பு நல்லாகீதா?" என்பான். "ம்" என்பேன். ஐந்து நிமிஷம் ஆனதும் நானே, "சரிண்ணா, லேட்டாவுது, நீ கிளம்பு" என்று சொல்லிவிடுவேன். அவன் போனபிறகு அன்று முழுவதும் யார்மேலாவது எரிந்து விழுவேன்.

மயிலாப்பூர் வேலை வந்தது ஒரு செப்டம்பரில். தெப்பக்குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்ப்போர்ஷன். அந்த வீட்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் ஓரளவு அசையும். அமெரிக்காவில் இருந்த மகன் எதிலோ படித்துவிட்டு எங்கள் முதலாளிக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தான். வீட்டில் அவன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, அதில் டச் ஸ்கிரீன் போட்டுக் கொடுங்கள், அப்பா திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் அது பேச வேண்டும்.

மாமியைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்காத முதல் கஸ்டமர் அவர்தான். "வாம்மா. இந்த வெய்யில்ல வந்திருக்கியே" என்று மோர் கொடுத்தார். மாமா ஜன்னல் ஓரத்தில் ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். எதிரே அவருடைய பழைய எழுதும் மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். ஈஸி சேருக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு முக்காலி. மாமி நாள் முழுவதும் அதில்தான் உட்காருவார் என்பது பார்த்தாலே தெரிந்தது. நடுவில் பிரம்பு தொய்ந்து குழி விழுந்திருந்தது.

திரையில் பத்துக் கட்டம் வைக்கலாம், இரண்டு வரிசையாக, மேலிருந்து கீழே ஐந்து ஐந்து என்று சொன்னேன். என்னென்ன வேண்டும் என்று மாமி யோசித்து யோசித்துச் சொன்னார். இடது வரிசைக்கு ஜலம் வேணும், பசிக்கறது, வலிக்கறது, பாத்ரூம் போகணும், போர்த்தி விடு. வலது வரிசைக்கு ஃபேன், ரேடியோ, ஜன்னலைத் திற. ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் தயங்கினார். மாமாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"செத்த ஒக்காரு. அதையும் போட்டுக்கோ. முன்னெல்லாம் சாயந்தரம் ஆனா நான் அடுக்களையில இருப்பேன், இவர் இங்கேர்ந்து கத்துவார். இங்க வந்து செத்த ஒக்காரேன்னு."

"பத்தாவது, மாமி?"

"போதும், நீ போய் வேலையப் பாரு." சிரித்துவிட்டார். "அதுவும் வேணும்மா. நாளைக்குப் பத்து தடவை சொல்லுவார். நான் ரொம்பப் பிடுங்கினா."

குரலை மாமியே பதிவு செய்யலாம் என்றேன். "என் குரல்ல நீ போய் வேலையப் பாருன்னு என்னையே சொல்லிக்கவா?" என்று மறுத்துவிட்டார். மாமாவுக்குக் குரல் இல்லை. கடைசியில் என் தலையில் விழுந்தது. மறுநாள் ஆபீசில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமி சொன்ன மாதிரியே சொல்ல முயன்று பதிவு செய்தேன். எங்கள் வீட்டில் தண்ணீரை ஜலம் என்றோ, கொஞ்சம் என்பதைச் செத்த என்றோ யாரும் சொன்னதில்லை. 'செத்த ஒக்காரு' என்பதை மட்டும் பதினைந்து தடவை பதிவு செய்திருப்பேன். கடையில் "நான்தான்" என்று சொல்கிற அதே கடுப்போடுதான் வந்தது. ஒருவழியாக ஒன்று சுமாராக அமைந்தது. பின்னால் லேத் சத்தம் கேட்டது. அதை என்ன செய்தும் எடுக்க முடியவில்லை.

பொருத்தப் போன அன்று எல்லாம் கோணலாகவே நடந்தது. கண்ணாடியை மாட்டினேன், கேபிளைச் சொருகினேன், டிரைவரை ஏற்றினேன். 'டச் ஸ்கிரீன் கிடைக்கவில்லை' என்று வந்தது. கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதேதான். மவுஸ் முதல் போர்ட்டில் இருந்தது, கண்ணாடி இரண்டாவதில். அதில் தப்பில்லை. டிரைவரை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினேன். அந்தப் பழைய மெஷின் ஒவ்வொரு தடவையும் எழுந்து வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். மதியம் ஒரு மணிக்குத்தான், பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு மோடம் கார்டு இருப்பது தெரிந்தது. மகன் போட்டுவிட்டுப் போனது. இரண்டு குடித்தனத்துக்கு ஒரே காலிங் பெல் வைத்த மாதிரி, அதுவும் எங்கள் கண்ணாடியும் ஒரே மணியை அடித்துக்கொண்டிருந்தன. யார் வீட்டுக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் இரண்டையும் விட்டுவிட்டது. கார்டைப் பிடுங்கி ஒரு கவரில் போட்டு மாமியிடம் கொடுத்தேன். கண்ணாடி உயிர் பெற்றது.

அதற்குள் மாமி மாமாவைக் கைத்தாங்கலாகப் படுக்கைக்குக் கொண்டுபோயிருந்தார். மதியம் அவர் தூங்கும் நேரம். "எழுப்பட்டுமாம்மா?" என்று மாமி கேட்டார்.

"வேணாம் மாமி. நானே தொட்டு செட் பண்ணிடறேன்."

மேசைக்கு முன்னால் நின்று, குனிந்து, நான்கு மூலைகளையும் தொட்டேன். பிறகு பத்துக் கட்டங்களையும் தொட்டுப் பார்த்தேன். பத்தும் சரியாகப் பேசின. மாமியையும் தொடச் சொன்னேன். அவரும் என் உயரம்தான். என்னை மாதிரியே குனிந்து நின்று தொட்டார். பத்தும் சரி. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் நிற்க இடம் இல்லாமல் தொங்கிக்கொண்டு வந்தபோதுகூட அன்று யார்மேலும் கோபம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாமி ஆபீசுக்குப் போன் செய்தார்.

"நான் தொட்டா எல்லாம் சரியாச் சொல்றதும்மா. அவர் தொட்டாத்தான் சம்பந்தமே இல்லாம சொல்றது. பசிக்கறதுங்கறது. சாதம் கரைச்சுண்டு போனா மூஞ்சியத் திருப்பிக்கறார். வலிக்கறதுன்னு நெனைச்சுத் தைலம் தேய்ச்சா கையத் தட்டி விடறார். சில சமயம் சரியாவும் வரது. மெஷின்ல ஏதாவது இருக்குமோ?"

அன்று காலையிலிருந்து அது ஆறாவது புகாரோ ஏழாவதோ. கீழே லேத் அலறிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"நீங்க தொட்டா சரியா வருதில்ல மாமி? அப்ப மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"டாக்டரும் அதத்தான் சொன்னார்" என்றார் மாமி. "நெனைக்கறது ஒண்ணும், காட்டறது ஒண்ணுமா இருக்குமாம். மண்டைக்குள்ள கலங்கிப் போயிருக்கும்னார். நான்தான், இல்லை, அவர் கண்ணப் பார்த்தா தெளிவா இருக்கேன்னு..."

"பழகப் பழக சரியாயிடும் மாமி" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போனை வைக்கும் அவசரம்.

அதற்குப்பின் ஆயுதபூஜை வந்தது. எங்களுக்கு வருடத்திலேயே மோசமான நாள் அது. பாண்டி பஜாரில் ஒரு நகைக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் வாசலிலேயே நின்றார்.

"மேடம், பொட்டி தானா ஓடிக்கினு கீது. யாரும் தொடல. வளையல் வளையலா மாத்திக்கினே கீது. கும்பல் கூடி வேடிக்க பாக்குது."

போய்ப் பார்த்தால், கண்ணாடியின் நட்டநடுவில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஈரச் சந்தனத்தை யாரோ விரல் வைத்திருப்பதாகவே கண்ணாடி நினைத்துக்கொண்டது. ஈரத்துணியால் துடைக்கப் போனேன். மேனேஜர் பதறிவிட்டார். "நல்ல நாள் அதுவுமா பொட்ட அழிக்கிறீங்களே மேடம்!" பிறகு மானிட்டரின் நெற்றியில், பிளாஸ்டிக்கின்மேல், நானே ஒரு பொட்டு வைத்து சமாதானப்படுத்தினேன். அன்று மட்டும் இதே மாதிரி மூன்று கடை. எந்தக் கோளாறு வந்தாலும் கஸ்டமர் ஏதாவது செய்திருப்பார் என்று எனக்கு ஊறிப்போனதற்கு இந்த மாதிரி நாட்கள்தான் காரணம். மயிலாப்பூரை நான் நினைக்கவே இல்லை.

அடுத்த வாரம் மாமி மறுபடி போன் செய்தார். குரல் நிதானமாக இருந்தது.

"அத எடுத்துண்டு போயிடும்மா. நன்னாத்தான் பண்ணிக் குடுத்தே. அவருக்குத்தான் ஒத்துக்கலை."

போனேன். நவராத்திரி முடிந்திருந்தது. தெருவில் எல்லா வீடுகளிலும் கொலு பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமி வீட்டில் அந்த வருடம் கொலு வைக்கவில்லை. மாமா அதே ஈஸி சேரில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிரம்பு முக்காலி பக்கத்தில் இல்லை. கதவோரம் போய்விட்டது. அதன்மேல் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன.

"வேற ஒண்ணுமில்லைம்மா" என்று தணிந்த குரலில் மாமி சொன்னார். "ஜலத்துக்கு பசிக்கறதுன்னா பொறுத்துக்கலாம். சாயந்தரம் வேலைய முடிச்சுட்டு அவர் பக்கத்துல போய் நிப்பேன். ஒடனே கையத் தூக்கித் தொடுவார். போதும், நீ போய் வேலையப் பாருங்கறது. மறுபடியும் தொடுவார். மறுபடியும் அதேதான். சரின்னு திரும்பிப் போயிடுவேன். போனா மேசையத் தட்டறார். வந்தா மறுபடியும் போங்கறார். நாப்பத்திரண்டு வருஷத்துல இவ்வளவு வேண்டாதவளா நான் இருந்ததில்லை."

அந்த வார்த்தை அந்த வீட்டில் என் குரலில் அல்லவா ஒலித்துக்கொண்டிருந்தது. பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"செத்த ஒக்காரும்மா, காப்பி குடிச்சுட்டுக் கழட்டலாம்" என்று பேப்பர்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முக்காலியை மேசைக்கு முன்னால், மாமாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சமையலறைக்குப் போனார்.

உட்கார்ந்தேன். மூன்று வருடமாக டச் ஸ்கிரீன் பொருத்துகிறேன், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடைகளில் யாரும் உட்கார மாட்டார்கள். நானும் நிற்பேன், கஸ்டமரும் நிற்பார். அந்த முக்காலி தாழ்வு. திரை என் தலைக்கு மேலே இருந்தது, மாமாவுக்கு இருந்த மாதிரியே. சும்மா இருக்க முடியாமல் கையை நீட்டி 'ஜலம் வேணும்' கட்டத்தைத் தொட்டேன்.

"பசிக்கறது" என்று என் குரல் சொன்னது.

மறுபடி தொட்டேன். "பசிக்கறது."

எழுந்து, குனிந்து நின்று அதே கட்டத்தைத் தொட்டேன். "ஜலம் வேணும்." உட்கார்ந்து தொட்டேன். "பசிக்கறது."

படம் இருப்பது பின்னால், மானிட்டரின் குழாயில். நாங்கள் மாட்டிய கண்ணாடி அதற்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு கட்டம் கண்ணாடியில் ஒரு இடத்தில் தெரியும். கீழிருந்து பார்க்கிறவருக்கு அதைவிடத் தாழ்வான இடத்தில் தெரியும். அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் ஸ்பீடோமீட்டர் முள் வேறு எண்ணில் நிற்கும், அந்த மாதிரிதான். நான் நின்றுகொண்டு நான்கு மூலைகளைத் தொட்டு, இனி இந்த வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டுதான் தொடுவார்கள் என்று அதற்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். மாமா கட்டத்தின் மேல்பாதியில் தொட்டால் சரியாக வரும். விரல் கொஞ்சம் தாழ்ந்தால் ஒரு கட்டம் கீழே விழும். அவர் விரல் தாழ்ந்துதான் இருக்கும், தூக்கும் வலு இல்லை.

ஜலம் கேட்டால் பசி. பசித்தால் வலி. வலித்தால் பாத்ரூம். செத்த ஒக்காரு என்றால்.

திரும்பிப் பார்த்தேன். மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்று தொட்டதையும் உட்கார்ந்து தொட்டதையும் முழுக்கப் பார்த்திருக்கிறார். நான் எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் இல்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு மண்டை கலங்கவில்லை. மூன்று வாரமாகச் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மாமி இருந்தும், அது ஒரு தடவைகூட அப்படியே போய்ச் சேரவில்லை.

"மாமா, தப்பு உங்களோடது இல்ல. என்னோடது" என்றேன். "நீங்களே தொடுங்க. நாலு தடவை. முடியுமா?"

கேலிபரேஷனை மறுபடி தொடங்கிவிட்டு, திரையை மறைக்காமல் தரையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் கூட்டல் குறி இடது மேல்மூலையில் வந்தது. அவர் இடது கையை மெல்லத் தூக்கினார். விரல் நடுங்கிக்கொண்டே மேலே போனது, நின்றது, சரிந்தது, மறுபடி போனது. நான் கையைப் பிடித்துவிடலாமா என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. தொட்டார். குறி மறைந்து அடுத்தது வலது மேல்மூலையில் வந்தது. அதற்கு உடம்பையே ஒருக்களிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதுக்கு முன்னால் கை மடியில் விழுந்துவிட்டது. காத்திருந்தேன். அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. என் விரல் அரை நிமிஷத்தில் முடிக்கிற வேலை. அவர் நான்காவதைத் தொட்டபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

மாமி இரண்டு டம்ளரோடு வந்தார். நான் தரையில் உட்கார்ந்திருப்பதையும் கண் சிவந்திருப்பதையும் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாமா கையைத் தூக்கினார். வலது வரிசையில், நான்காவது கட்டம்.

"செத்த ஒக்காரு" என்றது என் குரல், லேத் சத்தத்தோடு.

மாமி மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது... இவர் சொன்னதா?"

"அவர் சொன்னதுதான் மாமி. மூணு வாரமா இதத்தான் சொல்லிட்டிருந்தார். நான் செட் பண்ணினதுல கோளாறு. ஒரு கட்டம் கீழ விழுந்துடுச்சு. போன்ல நீங்க சொன்னப்பவே நான் வந்து பார்த்திருக்கணும்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டம்ளர்களை மேசைமேல் வைத்தார். முக்காலியை ஈஸி சேருக்குப் பக்கத்தில், பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஏன்னா, நான் விட்டுட்டு விட்டுட்டுப் போனேனே" என்றார்.

மாமா மறுபடி தொட்டார். "செத்த ஒக்காரு." மாமி உட்கார்ந்துதான் இருந்தார். அவர் மறுபடியும் தொட்டார். விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சந்து முனை வரைக்கும் என் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பியைக் குடிக்கவில்லை என்பது பஸ் ஸ்டாப்பில்தான் நினைவுக்கு வந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "கஸ்டமர் விரலையா வச்சே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேலே பேசினால் நான் கத்திவிடுவேன் என்று என் முகத்தில் தெரிந்திருக்கும். விட்டுவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் ஹாஸ்டல் அறையில் படுத்துக்கொண்டு ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் என் குரல் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறது. அவர் உட்காருகிறார். நான் என் வாயால், எனக்காக, யாரையும் அப்படிச் சொன்னதே இல்லை. மைக்கில் பதினைந்து தடவை சொன்னதோடு சரி.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அண்ணி கொடுத்தனுப்பிய அதிரசம் ஒரு எவர்சில்வர் டப்பாவில். விசிட்டர் அறையில் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றான். சாப்ட்டியா என்றான். ம் என்றேன். உடம்பு நல்லாகீதா என்றான். ம் என்றேன். பேச்சு முடிந்துவிட்டது. லேட்டாவுது கிளம்பு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கொஞ்சம் உக்காருண்ணா" என்றேன். கடையில் பேசுகிற அதே கடுகடுப்போடுதான் வந்தது.

அவன் சாவி சுற்றுவதை நிறுத்தினான். "இன்னா ஆச்சு? உடம்புக்கு எதுனாவா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

என்னையே பார்த்துக்கொண்டு, ஒயர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நான் மற்றதில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு அதிரசம் எடுத்துக்கொண்டோம். அவன் எப்போது கிளம்பினான் என்று நினைவில்லை, ஆனால் அன்று நான் கிளம்பு என்று சொல்லவில்லை.